அடித்தல் திருத்தல்

“நாப்பது நிமிஷம் ஆகும்க்கா, கையை மடக்காம வச்சுக்கங்க” என்று சொல்லிவிட்டு பெனிட்டா கண்ணாடிக் கதவுக்கு அந்தப்பக்கம் போய்விட்டாள். பச்சை குத்தும் கடையின் சாய்வு நாற்காலியில் அனுசுயா தனியாக இருந்தாள். இடது முன்கையில் மரத்துப்போவதற்கான வெள்ளைக் களிம்பு தடித்துக் கிடந்தது, அதன்மேல் மீந்த சப்பாத்தியைச் சுற்றிவைப்பதுபோல மெல்லிய பிளாஸ்டிக் தாள், களிம்புக்கு அடியில் அந்த ஐந்து எழுத்து. சக்திவேல். மணிக்கட்டை ஒட்டி ஆரம்பித்து மேலே ஏறி, வெளிப்பக்கமாக, பார்க்கிறவர்களுக்கு நேராகவும் அவளுக்குத் தலைகீழாகவும் பதினாலு வருஷமாக இருக்கிறது. பச்சை குத்திய அன்று அப்படித்தான் வேண்டும் என்று சக்திவேல் சொன்னான், உனக்கெதுக்கு நேரா இருக்கணும், உனக்குத்தான் என்னைத் தெரியுமே, பாக்கிறவனுக்குத் தெரியணும். பார்க்கிறவர்கள் பார்த்தார்கள். அவள் வேலை அப்படி. புத்தூரில் ஒரு பரிசோதனை நிலையத்தில் ரத்தம் எடுக்கிறவள், காலை ஆறரைக்கு உட்கார்ந்தால் பத்து மணிக்குள் நாற்பது ஐம்பது கை அவள் கைக்குள் வந்துபோகும். ஊசி ஏறுகிற நேரத்தில் யாரும் தன் கையைப் பார்ப்பதில்லை. பாதிப் பேர் கண்ணை மூடிக்கொள்வார்கள், மீதிப் பேர் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவள் கையில் வைப்பார்கள், அங்கே படிக்க ஒன்று இருக்கிறது, படித்துவிடுவார்கள். யாரும்மா சக்திவேல், வீட்டுக்காரரா? மாதாமாதம் சர்க்கரை பார்க்க வருகிற பெரியவர்கள் போன மாதம் கேட்டதை மறந்து இந்த மாதமும் கேட்பார்கள். முதலில் ஆமாம் என்றாள். விவாகரத்து ஆன பிறகும் ஆமாம் என்றுதான் சொன்னாள், ஊசி உள்ளே இருக்கும்போது கதை சொல்லமுடியாது. பிறகு தம்பி பேரு என்றாள், குலசாமி என்றாள். ஒரு நாள் எரிச்சலில், எனக்கே தெரியலைங்க, யாரோ எழுதிட்டுப் போயிட்டாங்க என்றாள், அந்தப் பெரியவர் சிரித்த சிரிப்பில் கை ஆடி ஊசி நரம்பைவிட்டு வெளியே வந்து இன்னொரு கையில் குத்தும்படி ஆயிற்று. இப்போது தோல் சில்லென்று இருந்தது. சில்லிப்புக்கு அடியில் சின்னதாக ஒரு எரிச்சல், அப்புறம் எறும்பு ஊர்வதுபோல. மரத்துப்போக ஆரம்பிக்கிறது. கீழே பழச்சாற்றுக் கடை மிக்ஸி சுற்றும்போதெல்லாம் தரையும் நாற்காலியும் லேசாக அதிர்ந்தன, தில்லைநகர் மதியம் ஜன்னல் திரைக்கு வெளியே ஆரன் அடித்துக்கொண்டிருந்தது.

எதைத்தான் செய்து பார்க்கவில்லை. விவாகரத்துத் தீர்ப்பு வந்த வாரம் கல் உப்பை ஈரத்துணியில் வைத்துத் தேய்த்தாள், யாரோ சொன்னார்கள், தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்து ரத்தம் கசிந்து காய்ச்சல் வந்ததுதான் மிச்சம், ‘ச’வின் வயிற்றில் ஒரு தழும்பு விழுந்தது, ‘ச’ அப்படியே இருந்தது. ஊருக்கெல்லாம் புண்ணில் அழுக்குப் படாமப் பாத்துக்கங்க என்று பஞ்சை வைத்து ஒட்டி அனுப்புகிறவள் குளியலறையில் உட்கார்ந்து உப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அகலப் பட்டை வைத்த கைக்கடிகாரம் கட்டிப் பார்த்தாள், அது முதல் இரண்டு எழுத்தைத்தான் மறைத்தது, மீதி திவேல் என்று நின்றது, அதற்கும் கேள்வி வந்தது, திவேல்னா என்ன பேரும்மா, வடக்கத்திப் பேரா. துணிக்கட்டுப் போட்டாள், என்ன அடி, எங்கே விழுந்தே என்று அதற்கு வேறு பத்துக் கேள்வி. அத்தை மகள் கல்யாணத்துக்குத் தோல் நிறத்தில் ஒரு பூச்சு வாங்கிப் பூசிக்கொண்டு போனாள், கண்ணாடியில் பார்த்தபோது கையில் எதுவுமே இல்லை, ஒரு நிமிஷம் யாரோ ஒருத்தியின் கை என்று பயந்துகூடப் போனாள், ஆனால் பந்தியில் வேர்த்து, மாப்பிள்ளையின் பெரியப்பா வேட்டியில் பழுப்பாக ஒட்டிக்கொண்டு, அவர் அதைக் குழம்பு என்று நினைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தார். லேசர் வைத்தாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு டாக்டரம்மா சுட்டபோது தோசைக்கல்லில் கை பட்டதுபோல இருந்தது, கொப்புளம் எழும்பி அடங்கிற்று, இரண்டு முறை சுட்டதில் கறுப்பு எழுத்து சாம்பல் நிறமாயிற்று. இன்னும் ஆறேழு தடவை வரணும், உங்க நிறத்துக்கு ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், மை போயிடும், போன எடம் வெள்ளையா நின்னாலும் நிக்கும் என்றார். வெள்ளைன்னா பேரு வெள்ளையாத் தெரியுமா டாக்டர்? சில பேருக்குத் தெரியும். அதோடு நிறுத்திவிட்டாள். கறுப்பில் சக்திவேலைச் சுமந்தது போதாதென்று வெள்ளையிலும் சுமக்கவா? வெட்டி எடுத்துத் தைக்கலாம், இடம் பெரிசு என்பதால் தொடையிலிருந்து தோல் எடுத்து ஒட்டவேண்டிவரும் என்றும் சொன்னார். அந்த ஆளுக்காகத் தொடைத்தோலையும் கொடுக்கணுமா என்று அன்றைக்கு பஸ்ஸில் வாய்விட்டுச் சொல்லிவிட்டாள், பக்கத்தில் இருந்தவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

இப்போது வந்திருப்பது லோகநாதனுக்காக. அப்படி நினைத்ததும் கை விரல்கள் தாமாக மடங்கின, மடக்காதீங்க என்று பெனிட்டா சொன்னது நினைவு வந்து நீட்டினாள். லோகநாதனுக்காக என்று ஏன் சொல்லவேண்டும்? எனக்காக என்று சொல்லக் கூடாதா? ஆனால் உண்மை அதுதான். லோகநாதன் நாற்பத்திரண்டு வயது, புதுக்கோட்டையில் மின்வாரியத்தில் இருக்கிறார், மனைவி இறந்து மூன்று வருஷம், பிள்ளை இல்லை, வயதான அம்மா ஒருத்தர். அண்ணன்தான் பார்த்துச் சொன்னான். முதன்முதலாக அந்த வீட்டுக்குப் போனபோது வாசல் தூணில் கறுப்புக் கல்லில் ‘கலைவாணி இல்லம்’ என்று செதுக்கியிருந்ததைப் படித்தாள். இறந்துபோன மனைவியின் பேர். புதிதாக ஒருத்தி வருகிற நாளில் அதன்மேல் ஒரு காலண்டரையாவது தொங்கவிட்டிருக்கலாம், விடவில்லை, அதற்காகவே அவரை அவளுக்குப் பிடித்தது. இரண்டு மாதமாகப் பேசுகிறார்கள். நல்ல மனுஷன், போனை எடுத்ததும் சாப்பிட்டியா என்று கேட்டு, பதிலை முழுசாகக் கேட்கிறவர். போன வாரம்தான் மெதுவாகச் சொன்னார், அம்மா கையைப் பாத்துட்டாங்க அனு, மத்தவன் பேரு எழுதின கையால எப்படி விளக்கேத்தறதுன்னு கேக்கறாங்க, ஞாயித்துக்கிழமை பூ வச்சுக்க நீ இங்க வர்றதுக்குள்ள அதை எதாவது பண்ணிடலாமே. பண்ணிடலாமே என்றுதான் சொன்னார், பண்ணு என்று சொல்லவில்லை. அண்ணன் போன் போட்டுச் சொன்னான், முப்பத்தாறு வயசும்மா, இனிமே எல்லாம் அமையறது கஷ்டம், ஒரு பூவை வரைஞ்சு மூடிட்டுப் போவியா. மறுநாளே லோகநாதன் ஒரு படம் அனுப்பினார், தண்டோடு கூடிய பெரிய கறுப்பு ரோஜா, இலைகள் நீளநீளமாக, அவருக்குத் தெரிந்த ஓவியக்காரரிடம் சொல்லி வரையச் சொன்னாராம். மெனக்கெட்டிருக்கிறாரே என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அந்தப் படத்தோடுதான் வந்திருக்கிறாள். பெனிட்டாவுக்கு முப்பது வயது இருக்கும், கடை அவளுடையது, ஊரில் பாதிப் பேர் தோலில் அவள் கைவேலை இருக்கிறது, அவள் கைகளில் ஒரு புள்ளிகூட இல்லை, கேட்டதற்கு, எனக்கு ஊசின்னா பயம்க்கா என்று சிரித்தாள். பேரை மூடறதுக்குத்தாங்க்கா நெறையப் பேரு வர்றாங்க, மூடறது எப்பவும் பழசைவிட மூணு மடங்கு பெரிசா இருக்கணும், கறுப்பா இருக்கணும், வெளிர் கலர்ல மூடமுடியாது, அடியில இருக்கறது மேல வந்துடும். பிறகு கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு உற்சாகமாக, அக்கா, இன்னொண்ணு பண்ணலாம், கடைசி ரெண்டு எழுத்தை மட்டும் மயிலிறகுல மறைச்சிட்டா ‘சக்தி’ன்னு நிக்கும், பெண் சக்தி, சூப்பரா இருக்கும் என்றாள். அனுசுயா சிரித்துவிட்டாள். அவனை வீட்டில் எல்லாரும் கூப்பிடுகிற பேரே சக்திதான், அவளும் அப்படித்தான் கூப்பிட்டாள், கதவைத் தட்டித் தட்டி, சக்தி, கதவைத் திறங்க சக்தி. அதை எப்படி இந்தப் பெண்ணுக்குச் சொல்வது? ரோஜாவே போடும்மா என்றாள்.

எறும்பு ஊர்வது நின்றுவிட்டது. இப்போது கை இருக்கிற இடத்தில் ஒரு கட்டை இருப்பதுபோல இருந்தது. அவளுக்கு வலி பயமில்லை, ஊசியும் பயமில்லை, ஆனாலும் இந்தக் கடையின் படி ஏறும்போது பாதியில் நின்று திரும்பிவிடலாமா என்று பார்த்தாள், ஏன் என்று அவளுக்குத் தெரியும். ஆடிப்பெருக்கு. கல்யாணமான மூன்றாம் மாதம், காவிரிக் கரையில் புதுத்தாலிக் கயிறு மாற்றிக்கொண்டு, ஈரப் புடவையும் மஞ்சள் கயிறுமாக அவனோடு நடந்துவருகிறாள், இரண்டு பக்கமும் கடைகள், வளையல், பொரி, நடுவில் தரையில் சாக்கை விரித்து ஒருவன் சின்ன பேட்டரி மெஷினோடு உட்கார்ந்திருக்கிறான். சக்திவேல் நின்றான். உன் கையில என் பேரு. நீங்க என் பேரைக் குத்திக்குவீங்களா? ஆம்பளைக்கு எதுக்கு. அவள் பார்த்தது அவன் முகத்தை இல்லை, அந்த ஊசியை. முன்னால் உட்கார்ந்திருந்த பெண்ணின் கையில் ஓம் எழுதி முடித்து, ஊசியை ஒரு அழுக்குத் துணியில் துடைத்து, அதே ஊசியை அதே கிண்ணத்து மையில் தோய்த்தான். அவள் படித்துவிட்டு வேலையில் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு நாளும் ஐம்பது பேரிடம், பாருங்க, புது ஊசி, உங்க கண்ணு முன்னாடி பிரிக்கிறேன் என்று உறையைக் கிழித்துக் காட்டுகிறவள். அந்த ஊசியில் என்னென்ன வரும் என்று வரிசையாகத் தெரியும், மஞ்சள் காமாலையில் எத்தனை வகை என்று தெரியும், தெரிந்துகொண்டே கையை நீட்டினாள். ஊசியை மாத்துங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொன்னால் கூட்டத்தில் அவன் முகம் மாறும். முகம் மாறினால் மூன்று நாளைக்குப் பேச்சு இருக்காது, மூன்று மாதத்தில் அது அவளுக்குப் பழகியிருந்தது. மூன்று மாதம் கழித்து, எல்லாரும் போன பிறகு, தன் ரத்தத்தைத் தானே எடுத்து, குழாயில் வேறு ஒரு பேரை எழுதி, மெஷினில் வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். ஒன்றும் இல்லை என்று வந்தது. அந்த முடிவை யாருக்கும் காட்டவில்லை, கிழித்துக் கழிப்பறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினாள், அன்றைக்கு அழுதது சந்தோஷத்தினால் என்றுதான் நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தாள். பிறகு குடும்ப நீதிமன்றம். அவன் அடித்ததையும் பூட்டியதையும் அவள் சொல்லி முடித்ததும், அவன் வக்கீல் எழுந்து, அந்தக் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்டுங்கம்மா என்றார். தூக்கினாள். இவ்வளவு கொடுமைக்காரன் பேரையா ஆசைப்பட்டுக் குத்திக்கிட்டீங்க? பின்னால் யாரோ சிரித்தார்கள். அவள் வாயைத் திறந்தாள், அந்த ஊசியைப் பற்றிச் சொல்லவேண்டும் என்று தோன்றியது, ஊசியைப் பற்றிச் சொன்னால் யாருக்குப் புரியும், வாயை மூடிக்கொண்டாள். தூக்கின கையை இறக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை, அவளாக இறக்கும்வரை அது அப்படியே நின்றது. உப்பைத் தேய்த்ததும் லேசர் வைத்ததும் அவனை அழிக்கத்தானா? இல்லை. அவனைப் பற்றி நினைத்து ரொம்ப நாளாகிவிட்டது, அவனுக்கு இப்போது இரண்டு பிள்ளைகளாம், இருக்கட்டும். கையை நீட்டினாளே ஒருத்தி, எல்லாம் தெரிந்த ஒருத்தி, அவளைத்தான் தேய்த்துப் பார்த்தாள். அவள்தான் போகமாட்டேன் என்கிறாள்.

கதவு திறந்தது. பெனிட்டா கையில் டேப்லெட்டோடு வந்தாள். “அக்கா, உங்க டிசைனைக் கைக்குத் தகுந்த மாதிரி பெரிசு பண்ணிக்கிட்டிருந்தேன். இந்தத் தண்டுல ஒரு எழுத்து இருக்கே, அதை வச்சுக்கவா, எடுத்துடவா?” என்ன எழுத்து? பெனிட்டா இரண்டு விரலால் படத்தை விரித்தாள். ரோஜாவின் தண்டு கீழே வந்து வளைகிற இடத்தில், ஒரு முள்ளும் ஒரு இலையும் சேர்ந்து, சாதாரணமாகப் பார்த்தால் தெரியாதபடி, ‘லோ’. தெரிந்த பிறகு வேறு எதுவும் தெரியவில்லை. ரோஜா முழுவதும் அந்த எழுத்துக்கு வைத்த அலங்காரமாகத் தெரிந்தது. “உங்க பேரு அனுசுயாதானே? அதான் கேட்டேன்” என்றாள் பெனிட்டா, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “நான் வெளிய இருக்கேன்” என்று போய்விட்டாள். அனுசுயா வலது கையால் போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். “முடிஞ்சுதா அனு?” “இன்னும் ஆரம்பிக்கல. அந்தத் தண்டுல உங்க எழுத்து இருக்கு.” ஒரு சிரிப்பு, சின்னப் பிள்ளை மாட்டிக்கொண்டதுபோல, அந்தச் சிரிப்பும் அவளுக்குப் பிடித்தமானதுதான். “பாத்துட்டியா? வரையறப்பவே சொல்லி வச்சேன். கல்யாணத்துக்கு அப்பறம் ஒரு நாளு காட்டலாம்னு இருந்தேன். சும்மா, ஒரு சர்ப்ரைஸ்.” “என்கிட்ட கேக்கலையே.” “இதுல கேக்கறதுக்கு என்ன அனு இருக்கு? ஆசையாத்தானே.” “என் கைங்க அது.” அதோடு நிற்காமல் அவள் வாய் சொல்லிவிட்டது. “உங்க வாசல்ல கல்லுல கலைவாணின்னு இருக்கு. நான் வந்து போனேன், ரெண்டு மாசமாப் பேசறோம், அதை எடுங்கன்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கேனா?” “அவ செத்துப்போனவ அனு.” குரல் உடைந்ததுபோல இருந்தது. தப்பு, அவளை இழுத்திருக்கக் கூடாது. “மன்னிச்சுக்கங்க. அவங்க பேச்சை எடுத்தது தப்பு.” “பரவால்ல.” “ஆனா நான் கேட்டது கேட்டதுதான்.” பின்னால் ஆபீஸில் யாரோ கோப்பைக் கேட்டு அவரைக் கூப்பிடுவது காதில் விழுந்தது, பிறகு, “சரி, அந்த எழுத்து வேண்டாம், எடுத்துடச் சொல்லு. வெறும் பூ போதும். நான் யோசிக்காமப் பண்ணிட்டேன்” என்று சொல்லிவிட்டு வைத்தார்.

விட்டுக்கொடுத்துவிட்டார். அதுதான் சங்கடமாகப் போயிற்று. அவர் கத்தியிருந்தால் எழுந்து போயிருக்கலாம், இந்தக் களிம்பைத் துடைத்துவிட்டு, படியிறங்கி, எனக்கு வேண்டாம் இந்தச் சம்பந்தம் என்று அண்ணனிடம் சொல்லியிருக்கலாம். இப்போது வெறும் பூ. வெறும் பூவில் என்ன குறை? யாரும் கேட்கமாட்டார்கள், பூ அழகா இருக்கு எங்க போட்டீங்க என்றுதான் கேட்பார்கள். மாமியார் விளக்கேற்றச் சொல்வார். ஒரு வருஷம் போனால் அவளுக்கே மறந்துவிடும், மறக்காவிட்டாலும் வெளியே தெரியாது. ஆனால் அடியில் இருக்கும். கறுப்பு இதழுக்கு அடியில் ‘ச’ தழும்போடு இருக்கும், தடவினால் விரலுக்குத் தெரியும். யாருக்காக மூடுகிறோம்? பார்க்கிறவர்களுக்காக. அன்றைக்கும் பார்க்கிறவர்களுக்காக எழுதினது, இன்றைக்கும் பார்க்கிறவர்களுக்காக மூடுவது, இரண்டுக்கும் நீட்டுவதற்கு மட்டும் அவள் கை. மூடிவிட்டால் அவள் அந்தக் கரையில் உட்காரவே இல்லை, அந்த ஊசியைப் பார்க்கவே இல்லை, கோர்ட்டில் கையைத் தூக்கவே இல்லை என்று ஆகிவிடும். உட்கார்ந்தாள். தூக்கினாள். தப்புத்தான், அவள் பண்ணின தப்பு, அதை இல்லை என்று சொல்வதற்கு இவர்கள் எல்லாம் யார்? போன மாதம் லேபில் புதிதாகச் சேர்ந்த ரம்யா ஒருவருடைய சர்க்கரை அளவைத் தப்பாக எழுதிவிட்டு, ரிஜிஸ்டரில் வெள்ளை மையைப் பூசி மேலே திருத்தி எழுதியிருந்தாள். அனுசுயா அவளை எல்லார் முன்னாலும் பிடித்துக் காய்ச்சினாள். வெள்ளை பூசுவியா? கிறுக்கி மறைப்பியா? நாளைக்கு ஒருத்தர் வந்து இது அடியில என்ன இருந்துச்சுன்னு கேட்டா என்னடி சொல்லுவே? தப்பா எழுதிட்டா ஒரே ஒரு கோடு. நேர்கோடு. அடியில இருக்கறது படிக்கத் தெரியணும். பக்கத்துல உன் சுருக்கொப்பம், தேதி. தப்புப் பண்ணினது நான்தான், திருத்தினதும் நான்தான்னு அர்த்தம். பண்ணினதுக்கு வெக்கப்படாதே, மறைச்சதுக்கு வெக்கப்படு. ரம்யா கண் கலங்கி நின்றாள். சொன்னது அனுசுயாவின் வாய்தான், நல்ல கணீரென்ற குரலில்தான் சொன்னாள், சொல்லும்போது லேப் கோட்டின் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தாள், மேஜைமேல் ரிஜிஸ்டருக்குப் பக்கத்தில் அவள் முன்கை கிடந்தது. அப்போது தோன்றவில்லை. இப்போது, கை கட்டையாக மரத்து, யாருடையதோ மாதிரி நாற்காலியின் கைப்பிடியில் கிடக்கும்போது தோன்றிற்று, தோன்றின வேகத்தில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டாள். பைத்தியக்காரத்தனம் என்று ஒரு குரல் சொன்னது, அண்ணன் குரல். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆகும்? என்னவோ ஆகட்டும். இன்னொரு தடவை இந்தக் கையை யாருக்காவது நீட்டிவிட்டு மூன்று மாதம் கழித்து ஸ்டூலில் உட்கார்ந்து காத்திருக்க முடியாது. பெனிட்டா, என்று கூப்பிட்டாள், குரல் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது.

பெனிட்டாவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் ஒத்துக்கொள்ளவில்லை. “கோடா? பேரு மேல ஒரே ஒரு கோடா? அக்கா, இது டிசைனே இல்ல. போட்டவ யாருன்னு கேட்டா என் கடைப் பேரைச் சொல்வீங்க.” “சொல்லமாட்டேன்.” “நாளைக்கே வருத்தப்படுவீங்க. கோவத்துல வர்றவங்களுக்கு நான் போடறதே இல்ல. பூவையே போட்டுக்கங்க, எழுத்தை எடுத்துட்டேன், பாருங்க எவ்வளவு நல்லா இருக்கு.” “கோவம் இல்லம்மா.” “பாத்தா அப்படித்தான் தெரியுது.” “கோவந்தான்” என்றாள் அனுசுயா, “ஆனா இது பழைய கோவம், நல்லா ஆறினது, தைரியமாப் போடு.” பெனிட்டா பிளாஸ்டிக் தாளைப் பிரித்து, களிம்பை வழித்துத் துடைத்தாள். சாம்பல் நிறத்தில் ஐந்து எழுத்தும் வெளியே வந்தன. “ஊசியை என் முன்னாடி பிரி” என்றாள் அனுசுயா. பெனிட்டா உறையைத் தூக்கிக் காட்டிக் கிழித்தாள், மை புதுக் குப்பியிலிருந்து புதுச் சிமிழில் விழுந்தது, அவள் ஒவ்வொன்றையும் பார்த்தாள், ஒன்றையும் விடாமல் பார்த்தாள், பதினாலு வருஷத்துக்கு முன் பார்த்ததுபோலவே பார்த்தாள், இந்தத் தடவை வாயைத் திறந்து கேட்டுவிட்டு. பெனிட்டா ஸ்கேலை வைத்து நீலப் பேனாவால் கோடு இழுத்தாள், இது போதுமா? நடுவுல வரட்டும், எழுத்துத் தெரியணும். மெஷின் உறுமிற்று. வலி இல்லை, எலும்பில் ஒரு அதிர்வு மட்டும், கீழே மிக்ஸியும் மேலே மெஷினும் சேர்ந்து உடம்பு முழுவதும் ரீங்காரம். ‘ச’வில் ஏறி, தழும்பைக் கடக்கும்போது கொஞ்சம் தடுக்கி, ‘க்’, ‘தி’, ‘வே’, ‘ல்’ என்று தாண்டி, கடைசி எழுத்துக்கு வெளியே அரை விரல் தள்ளிப்போய் நின்றது. நாலு நிமிஷம்கூட ஆகவில்லை. சுருக்கொப்பம் அனுசுயாவே பேனாவால் எழுதிக் காட்டினாள், ரிஜிஸ்டரில் போடுகிற அதே ‘அனு’, அடியில் ஒரு சுழிப்பு, கீழே தேதி. இது எனக்கு நேரா இருக்கட்டும் என்றாள். “பாக்கறவங்களுக்குத் தலைகீழாத் தெரியுமேக்கா.” “தெரியட்டும்.” எல்லாம் முடிந்து ரத்தப் பொட்டுகளை ஒற்றி எடுத்த பிறகு பெனிட்டா நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்தாள், தலையைச் சாய்த்துப் பார்த்தாள். “போட்டோ எடுத்துக்கட்டுமாக்கா? கடைக்கு இல்ல. எனக்கு.” எடுத்துக்கம்மா என்றாள். அவளும் தன் போனில் ஒன்று எடுத்து, லோகநாதனுக்கு அனுப்பினாள். ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பார்த்துவிட்டார் என்பதற்கான இரண்டு நீல டிக் உடனே விழுந்தது. அப்புறம் ஒன்றும் இல்லை.

ஒட்டிய கண்ணாடித்தாளோடு படிக்கட்டுக்கு வரும்போது மணி நாலு ஆகியிருந்தது. மரப்பு லேசாக விட ஆரம்பித்து, கோடு போன வழி முழுவதும் சுள்ளென்று எரிந்தது. படியில் பாதி இறங்கியபோது போன் அடித்தது, நின்றாள், கைப்பிடிக் கம்பியில் சாய்ந்துகொண்டாள். “பாத்தேன்” என்றார் லோகநாதன். “ம்.” “என்ன அனு இது? பேரு அப்படியே தெரியுதே.” “தெரியும். அடிச்சிருக்கேன்.” “அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?” “நீங்க ஒண்ணும் சொல்லவேண்டாம். ஞாயித்துக்கிழமை அண்ணனோட வரமாட்டேன். நான் மொதல்ல தனியா வர்றேன். அம்மா கேக்கட்டும், எல்லாத்தையும் நானே சொல்றேன், கையை நீட்டினதுலேர்ந்து சொல்றேன். வேண்டாம்னு சொல்றதா இருந்தாலும் என் முகத்தைப் பாத்துச் சொல்லட்டும்.” சொன்ன பிறகு பயம் வந்தது, கால் கட்டைவிரலிலிருந்து ஏறி வந்தது, அடுத்து அவர் வைத்துவிடுவார், வைத்துவிட்டால் அவ்வளவுதான், அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான், முப்பத்தாறு முப்பத்தேழு ஆகும், காலையில் எழுந்து ஒருத்திக்கு மட்டும் காபி போட்டுக்கொண்டு, போட்டுக்கொள்ளலாம், ஆறு வருஷமாக அதுதானே, காபி நன்றாகத்தான் இருக்கிறது. “முழுக்கை ஜாக்கெட் இருக்கா உங்கிட்ட?” என்று மெதுவாகக் கேட்டார். “அன்னிக்கு ஒரு நாளைக்கு மட்டும். அம்மாவோட நீ உக்காந்து பேசற வரைக்கும்.” கெஞ்சுகிற குரல். நல்ல மனுஷன்தான், பயந்த மனுஷன். அவளுக்கு அவர்மேல் இரக்கமாகவும் இருந்தது, இரக்கம் வந்த வேகத்தில் சரி என்று சொல்லிவிடுவாளோ என்று தன்மேலேயே பயமாகவும் இருந்தது, உதட்டை ஒரு தரம் கடித்துக்கொண்டாள்.

“அரைக்கை” என்றாள்.

ஒரு பெண் இரண்டு டம்ளர் சாத்துக்குடிச் சாற்றை ஏந்திக்கொண்டு படியேறி அவளைத் தாண்டிப் போனாள். “வெயிலா வேற இருக்கும்” என்றார் லோகநாதன், கடைசியில், யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல. பிறகு, “பத்தரை பஸ்ஸைப் பிடி. ஸ்டாண்டுல நான் நிக்கிறேன்.”

“நில்லுங்க” என்று சொல்லிவிட்டு அனுசுயா மீதிப் படிகளை இறங்கி வெயிலுக்குள் போனாள்.